கொலுவில் மாடு, குடிலில் ஆடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நல்ல மழை. தாம்பரமே போர்த்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் பால்கனியில் உட்கார்ந்து, ஒரு மாட்டின் கொம்பை நகவெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பயப்படாதீர்கள். மாடு என் உள்ளங்கை அளவுதான். அதைவிட முக்கியமான விஷயம் - அது மாடே இல்லை.

ஆடு.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். கூரியர் வந்தால், உள்ளே இருக்கும் பொருளை ஓரமாக வைத்துவிட்டு அட்டைப்பெட்டியைக் கொஞ்சுகிற ஜாதி நான். முட்டை அட்டை, ஐஸ்கிரீம் குச்சி, ஊதுவத்தி டப்பா... எதையும் குப்பையில் போட விடமாட்டேன். ஒருநாள் காலை அவசரத்தில் என் கணவர் பல் தேய்க்க எடுத்த பிரஷ், முந்தின நாள் நான் தங்க நிற பெயின்ட் அடித்த பிரஷ். அன்றைக்கு அவர் ஆபீஸில் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லையாம்.

என்ன செய்வது? மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, யூகேஜி படிக்கிற என் மகள் யாழினி வேனிலிருந்து இறங்குவதற்குள் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். பிரஷைத் தண்ணீரில் முக்கும் அந்த நிமிஷத்தில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே... அது எனக்கே எனக்கு. அதில் பங்கு கேட்டு யாரும் வருவதில்லை.

இந்த வருஷக் கொலுவுக்கு நான் எடுத்துக்கொண்ட தீம், தாம்பரத்திலிருந்து திருநீர்மலைக்குப் போகிற ரோடு. முட்டை அட்டையில் மலை செய்தேன். உச்சியில் கோயில். கறுப்பு சார்ட்டில் ரோடு, தீப்பெட்டியில் பஸ், ஷேர் ஆட்டோ, 'வேலை நடக்கிறது' போர்டு, அதற்குப் பக்கத்தில் வேலை எதுவும் நடக்காத ஒரு பள்ளம். எல்லாம் இருந்தும் ஏதோ குறைந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் விளங்கியது.

மாடு!

நம் பக்கத்து ரோட்டில் மாடு இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காமல், நடுரோட்டில் படுத்து நிதானமாக அசை போடுமே... அந்த மாடு வேண்டும். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் முழுக்கத் தேடினேன். பொம்மை மாடுகள் எல்லாம் கன்றுக்குப் பால் கொடுத்தபடி பொறுப்பாக நின்றுகொண்டிருந்தன. படுத்த மாடு ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் என் கண் ஸ்டெல்லாக்காவின் ஆடுகள் மேல் விழுந்தது.

ஸ்டெல்லாக்கா எங்கள் எதிர் வீடு. ஸ்கூலில் கணக்கு டீச்சர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பழக்கம் உண்டு. நவராத்திரிக்கு அவருடைய கிறிஸ்துமஸ் குடில் பெட்டியிலிருந்து ஆட்டுக்குட்டி, பனைமரம், கண்ணாடிக் குளம் எல்லாம் எங்கள் கொலு பார்க்குக்கு வரும். டிசம்பரில் எங்கள் கொலுப் பெட்டியிலிருந்து சீரியல் லைட், புல்தரை, கிணறு எல்லாம் அவருடைய குடிலுக்குப் போகும். இப்படித்தான் நான்கு ஆட்டுக்குட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தன. நான்கும் படுத்த ஆடுகள். தலையைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, உலகத்தைப் பற்றிய கவலையே இல்லாமல்... நம் ரோட்டு மாட்டின் அதே போஸ்!

ஒன்றுக்கு மட்டும் பிரவுன் பெயின்ட் அடித்துப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எந்தத் தப்பும் இப்படித்தானே ஆரம்பிக்கிறது? அரை மணி நேரத்தில் நான்கும் பிரவுன். கொம்புக்கு, ஒழுகுகிற குழாயை அடைப்பார்களே, இரண்டு கலர் உருண்டையைச் சேர்த்துப் பிசைகிற பசை - அதை வாங்கி வந்தேன். ஹார்டுவேர் கடைக்காரர் கேரண்டியே கொடுத்தார்.

"இத்த வெச்சா ஆயுசுக்கும் வராதுக்கா. சுத்தியால அட்ச்சாகூட அப்டியே இருக்கும்."

அப்போது அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது.

அடிப்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. யார் கண்ணிலும் படாத இடத்தில் பெயின்டை வீணாக்குவதில்லை என்பது என் தொழில் கொள்கை. அங்கே நீல மையில் ஏதோ கிறுக்கியிருந்தது. கடைக்காரர் எழுதிய ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். நவராத்திரி முடிந்ததும் பெயின்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்... இதுதான் திட்டம்.

கொலு சூப்பர் ஹிட். மலையை விட்டுவிட்டு எல்லோரும் மாட்டைத்தான் போட்டோ எடுத்தார்கள். ஸ்டெல்லாக்காவும் வந்தார். ஒரு மாட்டைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மாடு அசலா இருக்கே ராஜி! எங்க வாங்கின?"

"மார்க்கெட்லதான்க்கா."

"ஓ... என் ஆட்டைக் காணோம்?"

"இடம் பத்தலைக்கா. பத்திரமா உள்ள வெச்சிருக்கேன்."

பக்கத்தில் நின்ற யாழினி வாயைத் திறந்தாள். நான் ஒரு ஸ்பூன் சுண்டலை அந்த வாயில் போட்டேன். ஸ்டெல்லாக்கா மாட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இன்னொரு கப் சுண்டல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனார்.

அப்புறம் தீபாவளி வந்தது. மழை வந்தது. யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. மாடுகள் பரணில் நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தன. நான் சுத்தமாக மறந்துபோனேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் காலிங்பெல். ஸ்டெல்லாக்கா.

"ராஜி, நாளைக்கு ஆறு மணிக்கு எங்க அன்பியத்துலருந்து குடில் பார்க்க வர்றாங்க. அஞ்சு மணிக்கு வந்து ஆட்டை வாங்கிக்கறேன்."

அன்பியம் என்பது அவர்களுடைய சர்ச்சில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபம் செய்கிற குழு. சரி, ராத்திரிக்குள் துடைத்துவிடலாம் என்று தலையாட்டினேன்.

"நாலும் வேணும் ராஜி. அது அப்பா எனக்கு வேளாங்கண்ணியில வாங்கிக் குடுத்தது. அவர் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அந்த ஆட்டை எடுத்து வெச்சாத்தான் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி இருக்கும்."

என் கண் தானாகப் பரணைப் பார்த்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அப்புறம் இன்னொண்ணு. எங்க குடில் மாடு உடைஞ்சுபோச்சு. கொலுவுல நாலு மாடு வெச்சிருந்தியே, அதுல ஒண்ணு குடேன். ஆட்டோட சேர்த்தே வாங்கிக்கறேன்."

முகத்தில் இருந்த சிரிப்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"நாலு ஆடு வேணும், ஒரு மாடு வேணும். மொத்தம் அஞ்சு. நம்மகிட்ட இருக்கறது நாலு. ராஜி, பேசாம உண்மையைச் சொல்லிடு."

எப்படிச் சொல்வது? 'அக்கா, உங்கப்பா ஆசையாக வாங்கித் தந்த ஆட்டுக்கு நான் கொம்பு வைத்துவிட்டேன்' என்றா? யாழினிக்குக் காய்ச்சல் அடித்த வாரம் முழுக்க எதிர் வீட்டிலிருந்து மிளகு ரசம் வந்தது. நான் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடியபோது அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த மனுஷியிடம் பொய் சொல்லி, அவருடைய அப்பா ஞாபகத்தின் மேல் பிரவுன் பெயின்ட் அடித்திருக்கிறேன். நிஜமாகவே எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது.

ஆனாலும் பாருங்கள்... உண்மையைச் சொல்வதைவிட ஆபரேஷன் செய்வது சுலபம் என்றுதான் தோன்றியது.

ஆபரேஷனில் முதலில் போனது நகவெட்டி. இரண்டாக உடைந்தது. கொம்பு அசையவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் சத்தியவான். அடுத்து, கணவரின் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஆக்ஸா பிளேடு வந்தது. முதல் இரண்டு ஆடுகள் எப்படியோ தப்பித்தன. மூன்றாவதற்குக் கொம்போடு சேர்ந்து காதும் கழன்று வந்துவிட்டது. நான் அலறிய அலறலில் குக்கர் விசிலை எண்ண மறந்து, சாம்பார் பருப்பு பாயசப் பதத்துக்குப் போனது.

புதுக் காது எதில் செய்தேன்? அதே குழாய்ப் பசையில்தான். கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. பிறகு வெள்ளை பெயின்ட். மழை ஈரத்தில் அது காய்வேனா என்றது. யாழினி ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஆட்டுக்குத் தலைக்குக் குளிச்சு விட்டோமா?"

"ஆமாம். சும்மா இரு."

"ஸ்டெல்லா ஆன்ட்டிகிட்ட இது மாடா இருந்துச்சுன்னு சொல்லவா?"

"கூடவே கூடாது."

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னு நீதானே சொன்ன?"

"அது... சின்னப் பசங்களுக்கு."

நான்கரை மணிக்கு என் கையில் மூன்று ஆடும் ஒரு மாடும் இருந்தன. நாலாவது ஆடு எங்கே என்று கேட்டால், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவது என முடிவெடுத்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அம்மா என்கிற பதவியில் இதையெல்லாம் செய்துகொண்டே பிள்ளைக்கு ஒழுக்கமும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சரியாக ஐந்து மணிக்கு ஸ்டெல்லாக்கா வந்தார். ஆடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"பளபளன்னு இருக்கே! குளிப்பாட்டினியா?"

"லேசா தூசு தட்டினேன்க்கா."

"இவனுக்கு மட்டும் ஒரு காது பெரிசா இருக்கு?"

"அது... மழைக்கா. ஊறியிருக்கும்."

சமையலறையிலிருந்து என் கணவர் இருமுகிற சத்தம் கேட்டது.

"சரி, நாலாவது எங்க?"

"தொலைஞ்சுபோச்சுக்கா. தேடிட்டே இருக்கேன்..."

"விடு. காணாமப்போன ஆடு எப்படியும் கிடைச்சுடும். பைபிள்லயே அந்தக் கதை இருக்கு, எங்க ஆளுங்களுக்கு அதுல ரொம்ப நம்பிக்கை. மாடு எங்க?"

யாழினி ஓடிப்போய் இரண்டு கையாலும் மாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். ஸ்டெல்லாக்கா அதை வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். நீல மைக் கிறுக்கல். கிட்டத்தில் பார்த்தால் கிறுக்கல் இல்லை. கோணல்மாணலான குழந்தை எழுத்து.

ரோசி.

"ஆறு வயசுல நான் எழுதினது. நாலு பேருக்கும் பேர் வெச்சேன். ரோசி, டெய்சி, லில்லி, அந்தோணி. கொலுவன்னிக்கே பார்த்துட்டேன் ராஜி."

"அக்கா!"

"நீயா வந்து சொல்வேன்னு ரெண்டு மாசம் பார்த்தேன். வாயே திறக்கல. அதான் ஆட்டையும் மாட்டையும் சேர்த்துக் கேட்டேன். என் குடில் மாட்டுக்கு ஒண்ணும் ஆகல, அது நல்லாத்தான் இருக்கு. நாலை நீ எப்படி அஞ்சாக்கறேன்னு பார்க்கணும்னு இருந்துச்சு. கணக்கு டீச்சர்கிட்டயே உன் வேலையைக் காட்டறியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஸாரிக்கா. அப்பா வாங்கித் தந்ததுன்னு எனக்குச் சத்தியமா தெரியாது. தெரிஞ்சப்புறமும் சொல்லத் தைரியம் வரல."

"அட, லூசு. எங்கப்பா இருந்திருந்தா இந்த மாட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. ரோசி மேல மட்டும் இனி கை வெக்காத. இப்படியே இருக்கட்டும்."

ஆறு மணிக்கு நாங்களும் குடில் பார்க்கப் போனோம். தொழுவத்தின் பக்கத்தில் இரண்டு வெள்ளை ஆடுகள், ஒரு பெரிய காது ஆடு. ரோசியை அவர் வைத்திருந்த இடம்தான் இடம். குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வருகிற பாதையில், நட்டநடுவில், கொம்போடு படுத்திருந்தாள். ஒட்டகங்கள் பின்னால் வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

கிளம்பும்போது ஸ்டெல்லாக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ராஜாவுல ஒருத்தருக்குக் கழுத்து ஆடுது, எப்ப விழுமோ தெரியல. இது நிஜம். உங்க ஷோகேஸ்ல இருக்கற செட்டியார் பொம்மையைக் கொஞ்ச நாளைக்குக் குடேன். ஒண்ணும் பண்ணமாட்டேன்."

மளிகைக் கடை விரித்து, தொப்பையும் திருநீறுமாக உட்கார்ந்திருக்கும் எங்கள் செட்டியார், என் மாமியார் கொடுத்தவர். மாமியார் எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவரைத்தான் விசாரிப்பார். ஆனால் மறுத்துப் பேச எனக்கு வாய் இருக்கிறதா? எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நேற்று எதிர் வீட்டிலிருந்து யாழினி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, செட்டியாருக்குத் தாடி வந்துடுச்சு! கிரீடம் ஒட்டணுமாம், அந்தக் குழாய்ப் பசை மிச்சம் இருக்கான்னு ஆன்ட்டி கேட்டாங்க!"

கொடுத்தனுப்பினேன்.

பொங்கலுக்கு என் மாமியார் வருகிறார்.