மழை நாள் எனக்கு

போன வாரம் ருவான்வெல்லையில் கேகாலை பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. இரண்டாவது பஸ் ஹோல்டில் ஒரு பெண் ஏறினாள். ரப்பர்ப் பால் புளித்த வாடையும் கூடவே ஏறியது. தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களை அது லேசில் விடாது, எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாது. பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல நகர்ந்தார்கள். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னே போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்த, அந்த இடைவெளியில் நான் போய் நின்றுகொண்டேன். இந்தக் கிழவன் எதற்கு இங்கே வந்து நிற்கிறான் என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். அது என் மனைவி பாக்கியத்தின் வாடை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மலையில் பால் வெட்டியவர்கள். தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரம் நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் விழாது, பட்டையெல்லாம் வழிந்து போய்விடும். அதனால் அந்த நாட்களில் மழை என்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அடுப்பும் இல்லை. விடிந்ததும் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே வாசலில் நின்று வானத்தைப் பார்க்கும். மழை வேண்டுமென்று சாமி கும்பிட்ட ஆள் எங்கள் லயத்தில் கிடையாது, ஒருவனைத் தவிர. அந்தக் கிறுக்கன் நான்தான்.

பாக்கியத்துக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். மருந்து ஏற்றினால் முடி கொட்டிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண், எழுந்து நிற்கவே தெம்பில்லாதவள், ஒரு நாள் கட்டிலைப் பிடித்துப் பிடித்து வந்து இவள் தலையை வாரிப் பின்னிவிட்டாளாம். "இருக்கிறப்பவே அழகா வச்சுக்கம்மா. மத்தத இயேசப்பா பாத்துக்குவாரு." மூன்றாம் நாள் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. அவளுடைய சிவப்புச் சீப்பு மட்டும் பாக்கியத்திடம் நின்றுவிட்டது.

மாரியம்மன் படம் மாட்டிய எங்கள் வீட்டுக்கு அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு, அந்தச் சீப்போடும் இயேசுவோடும் வந்து சேர்ந்தாள். மிஞ்சினால் ஒரு வருஷம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வேலைக்குப் போக முடியாதவள், லயம் லயமாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தலை வார ஆரம்பித்தாள். சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, முடிவில் ஒரு சின்ன ஜெபம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒனக்கே முடியில்ல, ஊராருக்குச் சீவப் போறியா?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். இன்றுவரை அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை.

அவள் சிரித்தாள். "அதாங்க, சீப்பு சும்மாதானே கெடக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இருக்கிற கொஞ்ச நாளையாவது எனக்குக் குடு, புள்ள."

"வெயில் நாள்ல நீங்க மலைக்குப் போயிருவீங்க, நான் அவங்ககிட்ட போறேன். மழை நாள் பூரா ஒங்களுக்கு. சரிங்களா?"

அதற்குப் பிறகுதான் நான் முதன்முதலாக இயேசுவிடம் பேசினேன். ஜெபம் செய்யத் தெரியாது. "சாமி, மழை பெய்யட்டும்" என்றேன், அவ்வளவுதான். அந்த வருஷம் பெய்தது பாருங்கள்! "என்னா எழவு மழ தம்பி இது" என்று அடுத்த வீட்டு முருகையா அண்ணன் புலம்பும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் பிள்ளைகள் வெறும் பிளேன்டீயோடு இருந்ததற்கு நானே காரணம் மாதிரி இருக்கும். ஆனாலும் மறுநாளும் மழைதான் கேட்பேன். கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசினால் கேட்காது. நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்போம். அதைவிட நல்ல நாட்கள் எனக்கு வாய்க்கவில்லை.

அவளால் எழும்ப முடியாமல் போன பிறகு, ஒரு மழை நாள்.

"கடைசி லயத்துக் காமாச்சி அக்கா தல சிக்கு விழுந்து கெடக்கும். நீங்க போயிட்டு வாங்க."

"இன்னைக்கு மழ. என்னோட நாளு."

"ஒங்க நாளுதாங்க. அதான் ஒங்ககிட்ட கேக்குறேன்."

குடையும் சீப்புமாகப் போனேன். காமாட்சி அக்கா பாரிசவாதத்தில் வாய் பேச முடியாமல் கிடந்தார். என் கை பால் வெட்டிக் காய்த்த கை. நான் இழுத்த இழுப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஜெபத்துக்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்குத் தெரிந்ததோ மழை ஜெபம் ஒன்றுதான். "சாமி, இவங்க கூட இருங்க" என்றேன். யாரோ கூட இருப்பது போலிருந்தது. அதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. அன்றைக்குத்தான் நான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும், "சிக்கெல்லாம் எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாதிதான்."

"மிச்சத்த நாளைக்கு எடுங்க."

அடுத்த வாரம் நல்ல வெயில் நாளில் அவள் போய்விட்டாள். நான் மலையில் நின்றேன். ஆள் ஓடி வந்து சொல்ல, கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன், எல்லாம் முடிந்திருந்தது. யாரோடு சண்டை போடுவது? வெயில் நாள் என்னுடையது இல்லையே. பேசின பேச்சுப்படி ஆண்டவர் அவருடைய நாளில் எடுத்துக்கொண்டார். அடக்கத்துக்கு லயமே மலையிலிருந்து குளிக்காமல் அப்படியே வந்து நின்றது. கேகாலையிலிருந்து வந்த பாஸ்டரும் சபைக்காரர்களும் அந்த வாடைக்குள்ளேயே நின்று ஜெபித்தார்கள். ஒருவர்கூட நகரவில்லை.

பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "காலைல மழையாச்சே, இன்னைக்கு வெட்டு இருந்திச்சா மக?"

"இப்பெல்லாம் மரத்துக்குப் பொலித்தீன் கட்டிட்டாங்க மாமா. மழ பேஞ்சாலும் வெட்டுத்தான். மழைன்னு வீட்ல நின்ன காலமெல்லாம் போச்சு."

நல்லதுதான். முருகையா அண்ணன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கேகாலை ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்; பல்லு போன சிவப்புச் சீப்பு சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே மறுபடியும் தூறத் தொடங்கியது. மரமெல்லாம் பொலித்தீன் கட்டி நின்றது. லயங்களில் எந்த வீட்டிலும் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.