செல்வராணி அக்கா எனக்கு எடுத்துவைத்த எட்டு வாள் சீட்டு

செல்வராணி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் திண்டுக்கல்லில் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் என் பெயர் கூப்பிடப்படுவதற்காகக் காத்து நின்றிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். அவருடைய கணவர் ஜேம்ஸ் அண்ணன்தான் போனில் பேசினார். "ராணி போயிருச்சும்மா. மூணு மணிக்கு அடக்கம்."  

அன்று என் விவாகரத்து வழக்கில் நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள். ஏற்கெனவே நான்கு முறை தள்ளிப்போயிருந்தது. வக்கீலம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் இன்னொரு வாய்தா கேட்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையும் முடிந்து நான் கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்ந்தபோது நாலரை ஆகிவிட்டது. மண்ணை மூடி, மாலைகளை மேலே வைத்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். ஒன்பது வருடம் அக்காவோடு வேலை பார்த்தவள் கடைசியாக முகம் பார்க்கக்கூட வரவில்லையே என்று, அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வருத்தம் நியாயமானதுதான். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வந்து போனவர்களுக்கு அக்காவை எக்ஸ்ரே எடுக்கிறவராகத் தெரியும். "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்ற குரலை வைத்தே அடையாளம் சொல்வார்கள். கூட வேலை பார்த்த எங்களுக்கு அவரை இன்னொரு விதமாகவும் தெரியும். அவரிடம் ஒரு டாரட் சீட்டுக்கட்டு இருந்தது. குறி சொல்லப் பயன்படும் எழுபத்தெட்டுப் படச்சீட்டுகள். பெங்களூரில் இருந்த தங்கை வீட்டில் முதன்முதலில் பார்த்து, படங்கள் பிடித்துப்போய் வாங்கி வந்தது. போனில் வீடியோ பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார். ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் போட்டு, சாப்பாட்டுப் பையிலேயே கொண்டு வருவார். மதியம் சாப்பிட்டு முடித்ததும், பழைய பிலிம்கள் அடுக்கிய சின்ன அறையில் நாங்கள் நாலைந்து பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்.

ஆரம்பத்தில் அவரும் பலன்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களோடு இருந்த ஒரு நர்ஸின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த நேரம். நர்ஸ் எடுத்த சீட்டில் சூரியன் வந்தது. வெள்ளைக் குதிரை மேல் ஒரு குழந்தை கையை விரித்துச் சிரிக்கும் படம். அக்கா சந்தோஷமாக, "அம்மா எந்திரிச்சு உக்காந்துருவாக, கவலப்படாத" என்றார். எட்டாம் நாள் அந்த அம்மா இறந்துவிட்டார். நர்ஸ் யாரையும் குறை சொல்லவில்லை. மதியம் எங்களோடு வந்து உட்காருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அக்கா அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம் அந்த டப்பாவை நாங்கள் பார்க்கவில்லை.

மறுபடி சீட்டை எடுத்தபோது அவர் ஆள் மாறியிருந்தார். அர்த்தம் சொல்லமாட்டார். சீட்டை எதிரே வைத்துவிட்டு, படத்தில் என்ன இருக்கிறது என்று நம்மையே சொல்லச் சொல்வார். பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு நாமாக ஒரு முடிவுக்கு வந்தால் விடமாட்டார். "எக்ஸ்ரேல ஒரு ஓரத்த மட்டும் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுவாகளா? முழுசாப் பாரு" என்பார். அவர்கள் சபைப் பெரியவர் ஒருவர் இது விசுவாசத்துக்கு விரோதம் என்று கண்டிக்க வந்தபோது அக்கா கோபப்படவில்லை. "நாளைக்கு நடக்குறத நான் சொல்றதில்லங்கய்யா. இன்னைக்கு நடக்குறதப் பாக்கச் சொல்றேன், அம்புட்டுத்தான்" என்று சொல்லி, அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார். அவர் ஒத்துக்கொண்டு போகவில்லை. அக்காவும் நிறுத்தவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அங்கே ரிப்போர்ட் டைப் செய்கிறவள். காலையில் கணவர் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மாலையில் வாசலில் வண்டியோடு நிற்பார். என் போனை தினமும் வாங்கிப் பார்ப்பார். அய்யலூரில் இருந்த என் அம்மாவை நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் இடது மணிக்கட்டு வீங்கி வேலைக்கு வந்தேன். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

அக்கா என் கையைப் பலகையில் வைத்துப் படம் எடுத்தார். திரையில் வந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். மணிக்கட்டில் புதிதாக ஒரு விரிசல். அதற்குச் சற்று மேலே, எப்போதோ உடைந்து, மருத்துவம் பார்க்காமல் தானாகக் கூடிய எலும்பு. அவர் அதன் மேல் விரல் வைத்து, "இது பழசு. இதுவும் பாத்ரூம்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 

இரண்டு நாள் கழித்து, மதியம், எல்லாரும் எழுந்து போனபின் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். கட்டின் மேலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார். அதுதான் எட்டு வாள்.

பார்க்காதவர்களுக்காக அந்தப் படத்தைச் சொல்கிறேன். ஒரு பெண் தனியாக நிற்கிறாள். கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறது. கைகளையும் உடம்போடு சேர்த்துச் சுற்றிக் கட்டியிருக்கிறது. பக்கத்திலும் பின்னாலும் எட்டு வாள்கள் தரையில் குத்தி நிற்கின்றன. தூரத்தில் மலை மேல் ஒரு கோட்டை.  "கட்டிப் போட்டுருக்காக்கா. சுத்திக் கத்தி. தப்பிக்க வழியே இல்ல" என்றேன்.

"இன்னும் பாரு" என்றார்.

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ எக்ஸ்ரேவுக்கு வந்து கதவைத் தட்டினார்கள். செத்த நேரம் இருக்கச் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் ஆனதோ, அந்தப் பெண்ணின் பாதம் கண்ணில் பட்டது.

"கால் கட்டல" என்றேன்.

"வேற?"

"முன்னாடி கத்தி இல்ல."

"அவளக் கட்டுனவன் எங்க இருக்கான்?"

தேடினேன். படத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. கத்தி நிஜம்தானே, கட்டு நிஜம்தானே, கால் கட்டவில்லை என்றால் எல்லாம் அவள் குற்றமா என்று கேட்டேன். அக்கா அதை மறுக்கவில்லை.

"கத்தி நெசம்தான். கட்டுனதும் இன்னொருத்தன்தான். தரையப் பாரு, தண்ணியும் சகதியுமாக் கெடக்கு. நடந்தா வழுக்கும். நான் இல்லங்கல" என்றவர், சீட்டின் ஓரத்தில் இருந்த ஒரு வாளைத் தொட்டுக் காட்டினார். "ஆனா கட்ட அறுக்கணும்னா அவளுக்கு அங்க வேற என்னடி இருக்கு? அந்தக் கத்திதான் இருக்கு."

எக்ஸ்ரேயில் தெரிந்த அந்தப் பழைய முறிவு எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மனுஷியிடம் வாய் திறந்து சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, வேலை நேரத்திலேயே கிளம்பினோம். அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். என் கை எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டு வரச் சொல்லியிருந்தார். என்னைக் காயப்படுத்தியதன் தடயமே எனக்குச் சாட்சியாக மேசை மேல் இருந்தது. அங்கிருந்து அய்யலூர் பஸ். சந்தை நாள், ஆடு வாங்கப் போகிறவர்கள் கூட்டத்தில் நின்றுகொண்டே போனோம். அம்மா வீட்டு வாசலில் என்னை விட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

நான் மறுபடி வேலைக்கு வந்த முதல் நாளே கணவர் சென்டருக்குள் நுழைந்து கத்தினார். அக்கா என்னை எக்ஸ்ரே அறைக்குள் தள்ளி, வாசலுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, கதவை மறித்து நின்றார். "உள்ள எக்ஸ்ரே ஓடுது. வெளிய போய் நில்லுங்க" என்றார் சாதாரணமாக. கணவர் எவ்வளவோ பேசினார். அக்கா அதே வார்த்தைகளை அதே குரலில் நாலு முறை சொன்னார். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கணவர் போய்விட்டார்.

போன வருடம் அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. கூட வேலை பார்த்த பெண்ணிடம் தன் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். திரையில் வந்ததும் எங்கள் எல்லாரையும்விட முதலில் அவர்தான் பார்த்தார். முழுசாகப் பார்த்தார். பிறகு என்னிடம், "டாக்டர் என்ன சொல்றாரோ அப்பிடியே டைப் பண்ணு. எனக்காக மாத்தாத" என்றார்.  ஒரு சொல் விடாமல் அடித்தேன். மதுரைக்கு வைத்தியத்துக்குப் போய்வந்தபடியே, இடையிடையே வேலைக்கும் வந்தார். அந்த நாட்களில் ஒரு தடவைகூடத் தனக்காகச் சீட்டு எடுக்கவில்லை. என்ன இருக்கிறதென்று தெரிந்துவிட்டது, பிறகு அது எதற்கு என்றார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்குப் பத்து நாள் முன்பு. பேசவே மூச்சு வாங்கியது. வழக்கைப் பற்றித்தான் கேட்டார். சாட்சி நாளைச் சொன்னேன். "அன்னைக்கே நான் போயிட்டாலும் நீ கோர்ட்டுக்குத்தான் போற. என்னயப் பாக்க வந்துட்டு வாய்தா வாங்கிப்புடாத" என்றார். அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்றேன். சத்தியம் கேட்டார். செய்துகொடுத்தேன்.

பேச்சை மாற்றுவதற்காக, அத்தனை சீட்டுகளில் அன்றைக்கு எனக்கென்று அந்த எட்டு வாள் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, அது அடங்கியபின் சொன்னார்.

"அது எங்கடி வந்துச்சு? நான்தான் தேடி எடுத்தேன். முந்துன நாளே எடுத்து மேல வச்சுட்டேன். ஒன் எலும்பப் பாத்துட்டு என்னயச் சும்மா இருக்கச் சொல்றியா?"

அடக்கம் நடந்த அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் அண்ணன் மட்டும் எனக்காகக் காத்திருந்தார். தாமதத்துக்குக் காரணம் கேட்கவில்லை. "பேசிட்டியாம்மா?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, சரிந்திருந்த ஒரு மாலையைக் குனிந்து சரிசெய்தார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரும்வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவேன்.

சீட்டுக்கட்டு அண்ணனிடம்தான் இருக்கிறது, நான் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சீட்டுகள் மேல் அன்றும் நம்பிக்கை இருந்ததில்லை, இன்றும் இல்லை. அதிர்ஷ்டத்தில் ஒரு சீட்டு வந்து என்னைக் காப்பாற்றியதாக நினைத்திருந்த ஆறு வருடங்களை மட்டும் திருத்தி எழுதிக்கொண்டேன். ஒருத்தி, என் உடைந்த எலும்பைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய், எழுபத்தெட்டுப் படங்களையும் பரப்பி, எனக்கு எது வேண்டும் என்று தேடியிருக்கிறாள். செல்வராணி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.