நடேசன் கழுவிய முன் சக்கரம்

செம்மண்டலத்தில் என் பழைய கார் கடையில் பேரம் நடந்துகொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. "வாட்டர் சர்வீஸ் நடேசன் போயிட்டாருண்ணே. நெஞ்சுவலியாம்." சுற்றி நின்ற புரோக்கர்களிடம் சொன்னேன். "நெசமாவா? யாராவது நல்லா தொட்டுப் பாத்தாங்களா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி கழுவும் நடேசனிடம் திட்டு வாங்காதவர் எங்கள் தொழிலில் எவருமில்லை; நானும் தடுக்கவில்லை.

செத்தவரை நல்லவர் என்று எழுதுவது வழக்கம். நடேசன் நல்லவர் இல்லை. ஆனால் அலாய் சக்கரத்தில் சூட்டில் தீய்ந்து ஒட்டிய பிரேக் தூசியை, சக்கரம் கெடாமல் எடுக்க அவர் கையைத்தான் நம்பினோம். மற்றவர்கள் கக்கூஸ் ஆசிட்டை ஊற்றுவார்கள். கறுப்போடு பளபளப்பும் போய், சக்கரம் சாம்பல் பூத்து நிற்கும்.

ஒருமுறை லால்பேட்டை பாய் ஒருவர், ஓட்டிவந்த வேகத்தில் காரை நிறுத்தி, "சீக்கிரம் அடிங்க மாமா" என்றார். நடேசன் சக்கரத்தைப் புறங்கையால் தொட்டார். "அடுப்புல கொதிக்கிற சட்டிய எவன்யா வெளக்குவான்? ஒங்க வூட்ல இருக்கிறவங்க பாவம் பாய்." வண்டி ஆறும்வரை பாயை வெயிலில் நிற்க வைத்தார். பிறகு தூசியைக் கரைக்கும் மருந்தை அடித்தார். தூசியோடு சேர்ந்து அது நாவற்பழச் சாறுபோல ஊதாவாக வழிந்தது. காயவிடாமல் பிரஷ் போட்டுக் கழுவி, மறுபடி அடித்தார். "காஞ்சா கறை, அழுத்துனா கீறல்" என்பார்.

அவர் மனைவி ராணியம்மாவின் தம்பி முருகன், சிங்கப்பூர் வேலைக்குப் போகத் தன் காரை எனக்கு விற்க வந்தான். கார் விற்றால்தான் பயணம். கழுவ மாமாவிடமே விட்டான்; நானும் நாலைந்து புரோக்கர்களும் கூட இருந்தோம். மூன்று சக்கரங்கள் மின்னின. இடது முன் சக்கரத்தில் மட்டும், எத்தனை முறை அடித்தும் கறுப்பு அசையவில்லை. நடேசன் எழுந்தார்.

"இந்தப் பிரேக்கு புடிச்சது வுடாமலே ஓடியிருக்கு. எத்தினி நாளா மறைக்கிற மச்சான்?"

"மாமா, வாய மூடிக்கினு கழுவுங்க. நான் போவணும்."

"போ. வாங்குறவரு சாவட்டும், நீ பிளேன் ஏறு."

சரிசெய்யக்கூடிய கோளாறுதான். தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ரிப்பேர் செலவைக் கழித்து வாங்கியிருப்பேன். புரோக்கர் கூட்டத்தின் நடுவே சொன்னார். பிறகு அதை எவன் தொடுவான்? சிங்கப்பூர் கனவு அன்றோடு முடிந்தது. முருகன் அதே காரை வாடகைக்கு ஓட்டுகிறான். அக்கா வீட்டுப் படியை அதற்குப்பின் மிதிக்கவில்லை. ராணியம்மாவுக்குத் தாய்வீடு என்று இருந்தது அவன் ஒருவன்தான்.

சாவுக்குச் சிதம்பரம் போனேன். புருஷனை இழந்தவளுக்குத் தாய்வீடு போர்த்தும் கோடிச் சேலை வந்து விழாமல் அவர்கள் வீட்டில் பிணத்தை எடுப்பதில்லை. மதியம் தாண்டியும் முருகனைக் காணோம். பங்காளி ஒருவர், "கடையில நாமளே ஒண்ணு வாங்கிப் போத்திடலாம்" என்றார். ராணியம்மா நிமிர்ந்து, "ஏன், என் தம்பியும் செத்துட்டானா?" என்றார்.

கடைசியில் முருகன் வந்தான். காரிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளை இறக்கிவிட்டு, சேலையை அக்கா தோளில் போட்டான். "ஒனக்காவ வந்தேங்க்கா. அந்தாளுக்காவ இல்ல."

ராணியம்மா சேலையை இறுக்கிப் பிடித்தபடி தெருவில் நின்ற காரைப் பார்த்தார்.

"பிரேக்க மாத்திட்டியாடா?"

அவன் கார் சாவியைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

"அதுலதான் புள்ளைங்கள ஏத்திக்கினு வந்தியா? சாவிய வச்சிட்டு பஸ்ல போ."

"நீயும் அந்தாளாட்டமே பேசுற" என்றவன், பிணம் எடுக்கும்வரைகூட நிற்காமல் குடும்பத்தோடு அதே காரில் ஏறிப் போனான். ராணியம்மா கூப்பிடவில்லை.

விற்க வரும் வண்டியைக் கழுவும் முன்பே நான்கு சக்கரத்தையும் பார்க்கும் கண்ணை நடேசனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த வாயை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. அது ராணியம்மாவிடம் இருக்கிறது.