பெயரை எடுக்கச் சொன்னவர்

டாக்டர் தேசிங்கு காலமான செய்தி எங்கள் மருத்துவ இதழின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவர், இரங்கல் குறிப்பு யார் யார் பெயரில் வெளியாகும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எங்கள் துறையில் ஒருவர் எழுதுவார், ஏழெட்டுப் பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். இந்தக் குறிப்பை நான் ஒருவனே எழுதியிருக்கிறேன். மரபை மீறியதற்கு மன்னிக்கவும்.

அவரோடு பழகியவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. மற்றவர்களுக்காக: பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்து குழந்தை மருத்துவரானவர். அரசு மருத்துவமனை வேலையோடு, தேனாம்பேட்டையில் ஒரு மாடியறையில் இயங்கும் எங்கள் சிறிய இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். நான் அங்கே ஆங்கிலம் திருத்துபவன். கட்டுரைகளில் மொழி தப்பாக இருந்தால் நான் சரிசெய்வேன். மற்றவை தப்பாக இருந்தால் அவர் திருப்பி அனுப்புவார். அவருக்குத்தான் வேலை அதிகம்.

ஒருமுறை மருந்து ஆய்வு ஒன்று வந்தது. முடிவுகள் கச்சிதமாக இருந்தன. அட்டவணையைப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"இத்தினி பேர்ல ஒருத்தன்கூட ஊருக்குப் போவல. மாத்திரை கசக்குதுன்னு ஒருத்தன்கூடத் தூக்கிப் போடல. கூப்ட்ட நாள்ல எல்லாம் கரெக்டா வந்து குந்திக்கினு கீறாங்க. இது இன்னா பேஷண்டா, கொலு பொம்மையா நைனா?"

கட்டுரை திரும்பிப் போனது. சில மாதங்களில் வேறோர் இதழில் வெளியாகி, எழுதியவருக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்தது. பொம்மைகளும் நலமாகவே இருந்திருக்கும்.

அவர் பணி ஓய்வு பெற்றபோது விழா எடுத்தார்கள். சால்வை, சந்தன மாலை. அவருடைய பழைய மாணவர், இப்போது அடையாற்றில் ஒரு தனியார் மருத்துவமனையின் துறைத் தலைவர், பிரபாகர் என்று வைத்துக்கொள்வோம், கண்ணாடிச் சட்டமிட்ட பரிசு ஒன்றைக் கொடுத்தார். அது ஓர் ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கம். கைக்குழந்தைகளுக்கு ஒரு காய்ச்சல் மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்பது பொருள். எழுதியவர்களில் முதல் பெயர் பிரபாகர், இரண்டாவது பெயர் தேசிங்கு. அரங்கம் கைதட்டியது.

"இந்தக் கொயந்தைங்கள நான் பாக்கவே இல்லியேடா. என் பேர் இன்னாத்துக்கு?"

"ஒரு அன்புதான் சார். குருகாணிக்கை."

"காணிக்கைன்னா வாயப்பயம் வெச்சுக் குடு, தட்டுல."

"சார், சிரிங்க. போட்டோ எடுக்கறாங்க."

அந்தப் படத்தில் அவர் சிரிக்கவில்லை. வீட்டில் முழுக் கட்டுரையையும் படித்தார். அவர் இத்தனை ஆண்டுகள் கொடுத்துவந்த அளவைவிட அதிகமாகச் சொல்லியிருந்தது. "ஒரு கொயந்தகூட வாந்தி எடுக்கலியாம்" என்று எனக்குப் போன் செய்தார். தன் பெயரை எடுக்க வேண்டும், கட்டுரையைத் திரும்பப் பெறவைக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் அவர் பார்த்த ஒரே வேலை இதுதான்.

பதிப்பகம் வெளிநாட்டினுடையது, அதன் புகார்ப் பிரிவு பெருங்குடியில் இருக்கிறது. நானும் உடன் போனேன். பக்கத்துக் குப்பைக் கிடங்கின் வாடை வராதபடி ஜன்னல்களை அடைத்துவிட்டு ஏசி போட்டிருந்தார்கள். மிக மரியாதையான ஓர் இளம்பெண் எங்களை உட்காரவைத்தார்.

"சார், பேரை எடுக்கணும்னா எல்லா ஆத்தர்ஸும் சம்மதிக்கணும்."

"போடும்போது என் சம்மதம் கேட்டீங்களாம்மா?"

கணினியைப் பார்த்தார். "கேட்டிருக்கோமே சார். ரொம்ப சந்தோஷம்னு உங்க மெயில்லேர்ந்து பதில் வந்திருக்கு."

அப்படி ஒரு மின்னஞ்சல் முகவரி தனக்கு இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அதைத் திறக்கும் கடவுச்சொல் பிரபாகரிடம் இருந்தது.

"இது நான் இல்லம்மா."

"அப்போ நீங்க இல்லைன்னு அதே மெயில்லேர்ந்து ஒரு மெயில் போட்டுருங்க சார். உடனே ஆக்‌ஷன் எடுத்துருவோம்."

பிரபாகரைப் பிடிக்க முடிந்தது தி.நகரில் ஒரு கல்யாணப் பந்தியில்தான்.

"கொயந்தைங்களுக்கு இத்தப் பாத்துதான் மருந்து குட்த்துக்கினு கீறாங்கடா. வாபஸ் வாங்கு."

"சார், உங்க பேரு இருந்ததாலதான் அந்தப் பேப்பரை உள்ளயே எடுத்தாங்க. இப்ப வாபஸ் வாங்கினா எனக்குத்தான் அசிங்கம். பாயசம் நல்லா இருக்கு, சாப்பிடுங்க."

திரும்பும் வழியில் ஆட்டோவில், "எனக்குக் குட்த்தான்னு நெனச்சேன் நைனா. எங்கிட்டருந்து எடுத்துக்கினு போயிருக்கான்" என்றார்.

கடைசியாக அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, பணியிலிருந்த இளம் மருத்துவர் அவர் பெயரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"சார், அந்த டோஸ் பேப்பர் நீங்கதானா? நான் குழந்தைங்க வார்டுல இருந்தப்போ அதைத்தான் ஃபாலோ பண்ணினோம். இப்பவும் அதான்."

அவர் எழுந்து உட்கார முயன்றார். "நிறுத்தச் சொல்லும்மா. அது பொய்யி. நான் எயுதல."

மருத்துவர் அவரைத் தட்டிக்கொடுத்துப் படுக்கவைத்தார். என்னைத் தனியே அழைத்து, வயதானவர்களுக்கு மருத்துவமனையில் இப்படிக் குழப்பம் வருவது சகஜம் என்று ஆறுதல் சொன்னார். நோயாளிக் குறிப்பிலும் அப்படியே எழுதினார். நான் விளக்கியதையும் கனிவோடுதான் கேட்டார்.

அதன்பின் தேசிங்கு என் கைபேசியில் பதிவு செய்யச் சொன்னார். தன் பெயர், படிப்பு. அந்தக் குழந்தைகளைத் தான் பார்த்ததில்லை. அந்த அளவைக் கொடுக்காதீர்கள். மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னார். அதைப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அவர் அடக்கம் முடிந்த பிறகு பதில் வந்தது. ஒலிப்பதிவுகள் ஏற்கப்படுவதில்லை, கோரியவர் மறைந்துவிட்டதால் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது, ஆழ்ந்த அனுதாபங்கள்.

இரங்கல் கூட்டத்தில் பிரபாகர் அழுதார். நடிப்பல்ல, உண்மையாகவே அழுதார். தன் ஆசானின் ஆய்வுகளில் சிகரம் என்று அந்தக் கட்டுரையைச் சொன்னார். வந்திருந்த இளம் மருத்துவர்கள் அதன் தலைப்பைக் குறித்துக்கொண்டார்கள். எங்கள் இதழ் அடுத்த மாதம் ஏழெட்டுப் பேர் பெயரில் வெளியிடவிருக்கும் ஆங்கிலக் குறிப்பிலும் அது இடம்பெறும். அதன் ஆங்கிலத்தை நான்தான் திருத்த வேண்டும்.

என்னிடம் அவருடையதாக இருப்பது அந்தப் பதிவு ஒன்றுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பின்னும் அது சற்று ஓடுகிறது. நான் நிறுத்த மறந்திருக்கிறேன்.

"யாராச்சும் கேப்பாங்களா நைனா?" என்கிறார்.

"கேப்பாங்க சார்" என்கிறது என் குரல்.