ஏழு பலகையும் ரஞ்சிதத்தின் காலேஜ் படிப்பும்

என் சோடாக் கடைக்குக் கதவு இல்லாமல் போய் அஞ்சு வருஷம் ஆகிறது. திருடன் கொண்டுபோகவில்லை, கறையான் தின்னவில்லை. படிப்பு கொண்டுபோனது. அதுவும் என் படிப்பு இல்லை, நான் மூணாவதோடு நின்றவன். எங்கள் அப்பா பர்மா தேக்கில் இழைத்துப் போட்ட ஏழு பலகை இன்றைக்கு மெட்ராசில் ஒரு ஓவியக் கல்லூரிக் கூடத்தில், சுவரோரமாக நிற்கிறது. வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்களாம். என் கடையில் மூங்கில் தட்டி தொங்குகிறது. அதை யாரும் தலையைச் சாய்த்துப் பார்ப்பதில்லை. நாய் மட்டும் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது.

காரணம், மீன்காரி தில்லையம்மாளின் மகள் ரஞ்சிதம். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கதவுப் பேச்சு தானாக முன்னால் வந்துவிட்டது.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற பக்கத்துக்கு எதிரே என் கடை. மத்தியானம் ஒரு மணி ஆனால் இந்த ஊரில் கடையெல்லாம் மூடிவிடுவோம், நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பு. பிரஞ்சுக்காரன் பழக்கிவிட்ட தூக்கம். அவன் போனான், தூக்கம் போகவில்லை. ரஞ்சிதம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவின் கூடை காலியாகும்வரை என் கடை வாசலில் காத்திருப்பாள். மூடின பலகை சும்மாதானே நிற்கிறது என்று அடுப்புக்கரியால் அதில் படம் போடுவாள். நாலு மணிக்கு நான் வந்து, திட்டிக்கொண்டே ஈரத்துணியால் துடைப்பேன்.

ஐம்பத்து நாலில் கொடி மாறியது. கொடி மாறினால் போர்டும் மாறவேண்டாமா? பெயிண்டர் ராமலிங்கத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. முதலில் பிரஞ்சை அழித்துத் தமிழ் எழுதச் சொன்னார்கள். பிறகு, பிரஞ்சும் இருக்கணும் என்று திரும்ப எழுதச் சொன்னார்கள். அப்புறம் வடக்கேயிருந்து வருகிறவர்கள் படிக்கவேண்டுமே என்று இங்கிலீஷ். போர்டு மூன்று தடவை மாறியது, உள்ளே உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஒரு தடவைகூட மாறவில்லை. மிச்சப் பெயிண்ட் டப்பாக்களை ராமலிங்கம் என் கடையோரம் வைத்துவிட்டுப் போவான். ரஞ்சிதம் கரியிலிருந்து பெயிண்டுக்கு வந்தாள். பெயிண்டு ஈரத்துணிக்கு அசையவில்லை.

ரெண்டு வருஷத்தில் ஏழு பலகையும் நிறைந்துவிட்டது. ஆறு மீன்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி முகமும் ரெண்டு பலகை சேருகிற இடத்தில் விழுந்திருந்தது, பாதி இதில், பாதி அதில். மூணாவது ஆள் அவள் அம்மா தில்லையம்மாள். அஞ்சாவது பூவாயி. இந்த ரெண்டு பேரும் இடத்தகராறில் பேச்சை விட்டு எட்டு வருஷம். நடுவில் அமிர்தவல்லியை உட்காரவைத்துத்தான் மார்க்கெட்டே நடந்தது. படத்திலும் அப்படியே வைத்திருந்தாள். முறைப்பு ஒரு மயிரிழை குறையவில்லை. தில்லையம்மாள் வருகிறவர்களை எல்லாம் இழுத்துவந்து காட்டுவாள்.

படம்தான் இப்படி. படிப்பு வேறு மாதிரி. பதினாறு வயசில் பிரவே பரீட்சை எழுதினாள், அதுதான் எங்கள் ஊரில் பள்ளிப் படிப்பின் முக்கால் கிணறு. தில்லையம்மாள் மார்க்குத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

“அண்ணே, பதினொண்ணுன்னு போட்டிருக்கு. நல்லதா, கெட்டதா?”

இருபதுக்குப் பதினொண்ணு, பத்து வாங்கினால் தேறியது என்று சொன்னேன். “தாண்டிட்டா. குதிச்சுத் தாண்டல, சுவத்தைப் புடிச்சு ஏறித் தாண்டியிருக்கா.”

இதில் வேடிக்கை, சித்திரத்துக்கு ஒன்பது. பூச்சாடி வரையச் சொன்னதற்கு, சாடிக்குள் வஞ்சிரத்தின் தலையை வைத்துவிட்டாளாம்.

தில்லையம்மாள் பிடிவாதக்காரி. அண்ணன் மகன் கண்ணையனுக்குக் கடலூரில் கருவாட்டுக் கிடங்கு இருந்தது. ஆவணியில் தாலி என்று பேசி வைத்திருந்தாள். ரஞ்சிதமோ சோடா பாட்டில் சுற்றிவந்த பழைய பேப்பரில் மெட்ராஸ் ஓவியக் கல்லூரி விளம்பரம் பார்த்துவிட்டாள். மூன்று நாள் சோறு தொடாமல் இருந்து அம்மாவிடம் ஒரே ஒரு தடவைக்கு உத்தரவு வாங்கினாள். இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கருவாடு. அடுத்த வருஷம் என்ற பேச்சே இல்லை.

மார்க்குத் தாளோடு, சொந்தமாக வரைந்ததையும் கொண்டுவா என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. பெண்ணிடம் காகிதத்தில் வரைந்தது ஒன்றுகூட இல்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“மாமா, கதவை ரெண்டு நாளைக்குக் குடு.”

“அப்ப கடையை எதை வெச்சு மூடறது?”

“நீ திறந்து வெச்சாலே யாரும் வரதில்ல. மூடலன்னா மட்டும் யார் வரப்போறாங்க?”

இந்த வாய்க்குக் கடலூர் தாங்காது என்று தோன்றியது. பலகைகளைக் கழற்றிக் கயிற்றில் கட்டினேன். விழுப்புரத்தில் வண்டி மாறி எழும்பூர் போய்ச் சேருவதற்குள், பலகையோடு எங்கே குடி போகிறீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை.

கல்லூரி ஆபீசில் ஒரு குமாஸ்தா. தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நூற்றுக்குப் பதினொண்ணு வாங்கினவளை இவ்வளவு தூரம் ரயில் ஏற்றிக் கூட்டிவந்தீரா என்று என்னைக் கேட்டார். ரஞ்சிதம் அமைதியாக, எங்கள் ஊரில் முழுசே இருபதுதான் என்றாள். அவர் அஞ்சால் பெருக்கி ஐம்பத்தைந்து என்று எழுதினார். பெருக்கியும் பிரயோசனமில்லை. வரிசையில் இருந்தவர்கள் எழுபது, எண்பது. இருபது இடத்துக்கு இருநூறு பேர். எங்கள் மனுவை அடுக்கின் அடியில் சொருகினார்.

அவளைப் பரீட்சைக்கு உள்ளே உட்காரவைத்தார்கள். என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டு, பலகைகளைப் பியூன் தூக்கிப்போனான். அங்கேதான் வினை. என் பலகைக்கு நம்பர் உள்பக்கம் இருக்கிறது, ஏனென்றால் கடையை உள்ளே நின்றுதான் அடைப்பேன், பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போவேன். உள்ளே நின்று பார்த்தால் ஒன்று இடது கைப்பக்கம். தெருவிலிருந்து பார்த்தால் அதே ஒன்று வலது கோடி. பியூன் என்ன கண்டான்? பின்னால் இருந்த நம்பரைப் பார்த்து, படம் இருக்கிற பக்கத்தில் நின்றுகொண்டு, இடதிலிருந்து ஒன்று, ரெண்டு, மூணு என்று அடுக்கிவிட்டான். வரிசை அப்படியே தலைகீழ்.

என்னை உள்ளே கூப்பிட்டபோது பார்த்தேன். மூக்கு ஒருத்தியுடையது, கன்னம் இன்னொருத்தியுடையது. எட்டு வருஷம் பேசாத பூவாயியும் தில்லையம்மாளும் பாதிப் பாதியாக ஒரே முகமாகியிருந்தார்கள். ரஞ்சிதம் பரீட்சை முடிந்து வந்து நின்றாள், பார்த்தாள், திருத்த வாயெடுத்தாள்.

அதற்குள் மூன்று பேராசிரியர்களில் தாடி வைத்திருந்தவர் பேச ஆரம்பித்துவிட்டார். மனிதன் உடைந்துபோய்விட்டானாம். ஒருவன் முகத்தில் இன்னொருவன் வாழ்கிறானாம். பாரிசில் இப்போது இதைத்தான் செய்கிறார்களாம், பாண்டிச்சேரியில் அந்தக் காற்று இருக்கிறதல்லவா என்று மற்ற ரெண்டு பேரையும் கேட்டார். அவர்களும் காற்றை ஒத்துக்கொண்டார்கள்.

“இது உனக்கு எப்போம்மா தோணுச்சு?” என்று கேட்டார்.

ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். கருவாட்டுக் கிடங்கு அவள் கண்ணில் தெரிந்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

“கடை மூடியிருந்தப்போ, சார்” என்றாள்.

தாடிக்காரர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அடியில் கிடந்த மனு மேலே வந்தது. இருபதில் ஒரு இடம் அவளுக்கு.

பலகை திரும்பவில்லை. கேட்டு ரெண்டு கடிதம் போட்டேன். அது கல்லூரியின் அரிய படைப்பாகிவிட்டது என்று பதில் வந்தது. சோடாக் கடைக்கு அரிய படைப்பு எதற்கு, கதவு போதும் என்று எழுதினேன்.

அஞ்சு வருஷமும் அவளை முகத்தை உடைக்கச் சொன்னார்கள். முழு முகம் வரைந்தால் மார்க்கு குறைந்தது. ஆகவே உடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழும்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து, போர்ட்டர்களை முழுசாக வரைந்து வைத்துக்கொள்வாள். லீவுக்கு வரும்போது எனக்குக் காட்டுவாள். நல்லாயிருக்கு என்று நான் சொன்னதில்லை. ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

இந்த வருஷம் படிப்பு முடிந்தது. டிப்ளமா தாளும் கைக்கு வந்துவிட்டது, அதனால்தான் இதை எல்லாம் எழுதத் துணிந்தேன். தில்லையம்மாள் மார்க்கெட் முழுக்க, என் மூஞ்சி மெட்ராசில் நிற்கிறது என்று அஞ்சு வருஷமாகச் சொல்லி வருகிறாள். அடுத்த வாரம் கல்லூரியில் கண்காட்சி. அதைப் பார்க்கப் புதுப்புடவை எடுத்தாயிற்று. சாட்சிக்கு அமிர்தவல்லியும் கூடப் போகிறாள்.

நேற்று ரஞ்சிதம் கடைக்கு வந்தாள். தட்டியை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, சோடா வேண்டாம் என்றாள்.

“மாமா, கண்காட்சிக்கு முன்னாடி நாள் என்கூட மெட்ராசுக்கு வா. வாட்ச்மேன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அம்மா வந்து பாக்கறதுக்குள்ள, அந்த ஏழு பலகையையும் நம்ம கடையை மூடற வரிசையில ஒரு தடவை மூடிட்டு வந்துடு.”