யோகா அக்காவின் சிவப்பு இம்பாலா

செய்தி வந்தபோது நான் ரொம்சோஸ் கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். யோகா அக்காவின் மகள் ஆரணி அழைத்தாள். "சாந்தி அன்ரி, அம்மா..." என்றவள் மீதியை நொர்வீஜிய மொழியில் சொன்னாள். அழுகை வந்தால் அவளுக்கு அந்த மொழிதான் வரும். காலையில் எழுப்பப் போனபோது அசைவில்லையாம். இதயம் நின்றுவிட்டதாம். பஸ் புறப்படும் நேரமாகியிருந்தது. ஏறி உட்கார்ந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவை மூடிவிட்டு பஸ்ஸை எடுத்தேன். யோகா அக்காவும் அதைத்தான் செய்திருப்பார்.

இன்று அவரை வழியனுப்ப வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை அந்தக் காரோடு சேர்த்துத்தான் தெரியும். ஐம்பதைத் தாண்டிய, கொண்டையை இறுக்கி முடிந்த, அதிகம் பேசாத ஒரு பெண். கோடையில் கோயில் வாசலில் அந்த நீளமான சிவப்புக் காரிலிருந்து சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்குவார். எனக்கு அதற்கு முன்பிருந்தே அவரைத் தெரியும். இந்த நகரத்தில் பஸ் ஓட்டிக்கொண்டு போன முதல் தமிழ்ப் பெண்ணாக நான் கண்டது அவரைத்தான். அன்றைக்குத்தான் நானும் பஸ் ஓடப் பழகலாம் என்ற எண்ணமே எனக்கு வந்தது. பிறகு ஒரே டிப்போவில் வேலை செய்தோம். கணவரைப் போரில் இழந்தவர். மகளைத் தனியாக வளர்த்தார். இத்தனை பேரை நாள் முழுவதும் ஏற்றி இறக்கியவரிடம் சொந்தமாக ஒரு கார் இருக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றின் வசந்தத்தில், யாரோ ஒரு பயணி இருக்கையில் விட்டுப்போன பத்திரிகையில் அவர் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். அறுபத்தைந்தாம் ஆண்டு இம்பாலா கார், எட்டுச் சிலிண்டர், ஒரே உரிமையாளர் நெடுங்காலம் வைத்திருந்தது. டிப்போவில் என்னிடம் நீட்டினார்.

"சாந்தி, வேலை முடிய உன்ரை காரிலை என்னை லில்லெஸ்ட்ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போவியோ?"

"என்னத்துக்கு அக்கா?"

"ஒரு கார் பாக்க."

லில்லெஸ்ட்ரோமைத் தாண்டிய ஒரு பண்ணை வீடு அது. எழுபது வயதைக் கடந்த ஒட்வார் என்ற மனிதர் கதவைத் திறந்தார். பஸ் சீருடையில் நின்ற இரண்டு தமிழ்ப் பெண்களைப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். "காரைத் தேடி வந்தோம்" என்றார் அக்கா. அவர் பின்பக்கத்துக் கொட்டகைக்கு அழைத்துப்போய் மரக்கதவுகளைத் திறந்தார்.

அதுவரை கார் என்பது எனக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கான ஒரு சாமான். அன்று அந்த எண்ணம் மாறியது. கொட்டகையின் உத்தரங்கள் எல்லாம் அதன் சிவப்பு எஞ்சின் மூடியில் தெளிவாகத் தெரிந்தன. உள்ளே வெள்ளை இருக்கைகள். பின்னால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு வட்ட விளக்குகள். அதன் நீளத்தை ஒரே பார்வையில் பார்த்து முடிக்க முடியவில்லை. "பனி உருக உப்புத் தூவிய ரோட்டை இது ஒருநாளும் கண்டதில்லை, துருவே இல்லை" என்றார் ஒட்வார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஏன் விற்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒட்வார் தயங்கினார். "பெரிய கார் இது. எஞ்சினும் சாதாரணமானது இல்லை."

"நான் தினமும் ஓடுவது இதைப்போல இரண்டு மடங்கு நீளம்" என்றார் அக்கா.

கிழவர் சிரித்துவிட்டார். அக்கா ஓட்ட, அவர் பக்கத்தில், நான் பின்னால். வயல்களுக்கு நடுவே நேரான ரோடு வந்ததும் அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "வேகம் கொடுங்கள்" என்றார் ஒட்வார். அடுத்த கணம் என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. சத்தம் காதால் வரவில்லை, தரையிலிருந்து நெஞ்சுக்குள் ஏறி வந்தது. அக்காவின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. பஸ்ஸில் இருக்கும் அதே அமைதியான முகம். கண்கள் மட்டும் வேறு யாருடையவையோ போல இருந்தன.

திரும்பி வந்து, அக்கா அந்தக் குறுகலான கதவுக்குள் காரைப் பின்பக்கமாக ஒரே தடவையில் விட்டு நிறுத்தினார். ஒட்வார் இறங்கிச் சுவருக்கும் காருக்கும் இடையிலிருந்த இடைவெளியைப் பார்த்தார். "என் மனைவி வெளியே நின்று கை காட்டினால்தான் நான் இதை உள்ளே விடுவேன்" என்றார். பிறகு சாவிக்கொத்திலிருந்து கார்த் திறப்பைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தார். "வந்தவர்கள் எல்லாரும் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார்கள். நீங்கள் ஒருவர்தான் காரைப் பார்த்தீர்கள்."

கார், அக்கா குடியிருந்த ரொம்சோஸுக்கு வந்தது. அதோடு சனத்தின் பேச்சும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது, நம்மவர்களில் மதிப்பான ஒரு பெரியவர் வந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான்.

"தங்கச்சி, ஊரிலை சனம் படுற பாடு உங்களுக்குத் தெரியாததில்லை. இந்த நேரத்திலை இப்பிடி ஒரு காரிலை திரியிறது..."

"நான் குடுக்கிறதைக் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை. அதை ஆருக்கும் சொல்றேல்லை."

"அதுக்கில்லை. சனம் கதைக்குது. தனிய இருக்கிற ஒரு பொம்பிளைக்கு என்னத்துக்கு இப்பிடி ஒரு கார் எண்டு."

"விருப்பம்" என்றார் அக்கா.

பெரியவர் மீதி வரும் என்று காத்திருந்தார். மீதி வரவில்லை.

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. வடிவாயிருக்கு, எனக்கு ஓடத் தெரியும், விருப்பம். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு வந்த நான் குசினி வாசலில் அப்படியே நின்றேன். நாங்கள் எல்லாரும் எதை வாங்கினாலும், பிள்ளைக்கு, படிப்புக்கு, ஊருக்கு என்று ஒரு காரணத்தை முன்னால் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறவர்கள். ஒரு தமிழ்ப் பெண் தன் விருப்பத்தை அப்படி வெறுமனே மேசையில் வைத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. அடுத்த கோடையில் அதே பெரியவரின் மகளுக்குக் கலியாணம் வந்தது. மணமக்களுக்கு அந்தக் கார் கிடைக்குமா என்று கேட்டார். அக்கா உடனே ஓம் என்றார். பட்டுச் சேலையோடு தானே ஓட்டிப் போனார். பழைய பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் அக்காவுக்கு முதல் மாரடைப்பு வந்தது. இனி எந்த வாகனமும் ஓடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அக்கா சீருடையைத் தோய்த்து, மடித்து, டிப்போவில் கொடுத்துவிட்டுப் போனார். இந்த வசந்தத்தில் இம்பாலாவுக்கு விளம்பரம் போட்டார். ஆரணிக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட நாட்களில் அந்தக் காரில் ஏற வெட்கப்பட்டு, ஒரு தெரு தள்ளி இறங்கிக்கொண்டவள் அவள்.

"விக்காதேங்கோ அம்மா."

"உனக்கு விருப்பமோ அந்தக் கார்?"

ஆரணி பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "விருப்பமில்லை. ஆனா உங்கடை ஞாபகத்துக்கு..."

"ஞாபகத்துக்கு ஆரும் கார் வைச்சிருக்கிறேல்லை பிள்ளை. ஓடுறதுக்குத்தான் கார். அதை விரும்புற ஆளிட்டைப் போகட்டும்."

பலர் வந்து பார்த்தார்கள். பெறுமதி இன்னும் ஏறுமா என்று கேட்டவர்களை மரியாதையோடு அனுப்பிவைத்தார். கடைசியாக ஒரு இளம் தாதி வந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் விலையைக் கேட்கவே மறந்துபோனாள். அக்கா என் பக்கம் குனிந்து, "இவவுக்குக் குடுப்பம்" என்றார். கார் வளைவில் திரும்பிப் போனபோது நான்தான் அழுதேன். அவர் என் தோளைத் தட்டி, "வா, சாப்பிடுவம், பசிக்குது" என்றார். அதற்குப் பிறகு அவர் இருந்தது சில வாரங்கள்தான்.

இனிச் சொல்லப்போவது நான் எனக்கென்று நினைவில் வைத்துக்கொள்வது. இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அக்கா நாட்டைவிட்டு வந்த முதல் வருடங்களில் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இரண்டாயிரத்து ஐந்தின் கோடை விடுமுறையில், அங்கே ஒருமுறை போய்வர வேண்டும் என்று என்னையும் ஆரணியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். இந்த நாட்டின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு, நாள் கணக்கான ஓட்டம். வடக்கே, மரங்கள் முடிந்துபோன மேட்டுநிலத்தில் ஒரு கலைமான் கூட்டம் ரோட்டை மறித்தது. அக்கா எஞ்சினை நிறுத்தினார். நூற்றுக்கணக்கில் இருக்கும். காரின் இரண்டு பக்கமும் உரசாமல் நடந்துபோயின. ஒன்று மட்டும் நின்று முன்விளக்கை நக்கிப் பார்த்தது. ஆரணி பின்னிருக்கையில் விழுந்து விழுந்து சிரித்தாள். கூட்டம் கடந்துபோன பிறகும் அக்கா எஞ்சினை இயக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, ரோட்டின் நடுவில் நின்றார். சுற்றிலும் வானமும் பாசி படர்ந்த பாறையும் தூரத்தில் ஒரு துண்டுக் கடலும்தான். நானும் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"முதல் முதல் என்னை இந்த ரோட்டாலைதான் பஸ்ஸிலை கொண்டு வந்தவை" என்றார். "ஆரணி மடியிலை. பயத்திலை நான் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தனான். நாலு வருசம் இஞ்சை இருந்தும் இந்த இடத்தை நான் காணேல்லை."

பிறகு மெல்லத் திரும்பி, நாலு பக்கமும் பார்த்தார். அவசரப்படவில்லை.

"எவ்வளவு பெரிசு, பார்" என்றார்.

அந்த மேட்டுநிலத்தைப் பார்த்தபடி நின்ற அவருடைய முகத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.