மேலே நீ, கீழே நீங்கள்

என் மனைவி வேறொரு ஆணை "நீ" என்று கூப்பிட்டதை என் காதாலேயே கேட்டேன். டொச், அதாவது ஜேர்மன் மொழியில்தான் கூப்பிட்டாள். ஆனாலும் நீ என்றால் நீதான்.

ஜேர்மனியின் தெற்கு மூலையில், அல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஆறு நாள் தங்கி, பகலில் மலை ஏறி இறங்கும் பயணம் அது. ஓய்வு பெற்றவர்களின் நடைக்குழு ஒன்று ஒழுங்கு செய்திருந்தது. பதினெட்டுப் பேரில் அறுபதுக்குக் கீழே நானும் அவளும் மட்டும்தான். எனக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்தைந்து.

அவள் அந்தக் குழுவில் சேர்ந்தது சீனி வருத்தத்தால். நடந்தால் மருந்தைக் குறைக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமைகளில், நாங்கள் இருக்கும் கார்ல்ஸ்ரூஹேயில் ரயில் ஏறிக் காட்டுப் பக்கம் போய் நடந்துவிட்டு வருவாள். சப்பாத்தெல்லாம் சேறாக இருக்கும், முகம் தெளிந்திருக்கும். சோறு போட்டபடி அன்றைய கதைகளைச் சொல்லுவாள். அந்தக் கதைகளில் ஒரு மனிதர் அடிக்கடி வந்தார். எழுபத்திரண்டு வயது. காணி அளக்கும் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நாலு வருடம். கல்லைப் பார்த்தால் அதன் வயது சொல்லுவார். இவ்வளவையும் நான் கேட்காமலே அவள் சொன்னாள்.

அதனால்தான் இந்தப் பயணத்துக்கு நானும் பெயர் கொடுத்தேன். மலை பார்க்க ஆசை என்று அவளிடம் சொன்னேன். ஆளைப் பார்க்கத்தான் போனேன்.

நான் ஆட்களோடு இலகுவில் கதைப்பவன் அல்ல. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை செய்கிறேன். மெஷின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. எனக்கு அது வசதி. அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் டொச் பாடம், 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். முதலாளி எனக்கு டூ போடுவார். நான் அவருக்கு ஸீ போடுவேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஒழுங்கு உண்டு. நான் அவளை "நீர்" என்பேன், நீக்கு மேலே, நீங்களுக்குக் கீழே. அவள் என்னை "நீங்கள்" என்பாள். இருபத்தொன்பது வருடத்தில், கோபம் தலைக்கேறிய நேரத்தில்கூட அவள் வாயில் ஒரு "நீ" வந்ததில்லை. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நினைவு தப்பிய கிழவிகளுக்கும் ஸீதான் போடுவாள்.

பஸ்ஸில் அந்த அளவையாளர் எங்களுக்கு முன் சீற்றில் இருந்தார். மெலிந்த, நெடிய மனிதர். அவள் அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லி, ஸீ போட்டு மரியாதையாகத்தான் கதைத்தாள். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு ஆறியது.

முதல் நாள் ஏற்றத்தில் என் புதுச் சப்பாத்தின் கயிறு மூன்று தரம் அவிழ்ந்தது. நான்தான் கடைசி. ஒரு வளைவைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது மேலே அவள் குரல் கேட்டது.

"வார்ட் மால், டூ!"

கொஞ்சம் நில்லு, நீ. அந்த மனிதர் நின்றார். அவருடைய முதுகுப் பையில் ஒரு வார் முறுக்குண்டு கிடந்தது. அவள் அதை நேராக்கி, மேலே ஒரு தட்டும் தட்டிவிட்டாள்.

மத்தியானம் ஒரு மலைக் குடிலின் மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் வீட்டில் சுட்டுக்கொண்டு வந்த மீன் றோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். முதல் றோல் அவருக்குத்தான் போனது. அவர் அப்பிளை வெட்டித் தன் கத்தி முனையில் வைத்து அவளுக்கு நீட்டினார். அவளுக்கு டூ, அவருக்கு டூ. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எப்படி, முழங்கால் நோகிறதா?" என்று கேட்டார். எனக்கும் டூ. என் முதலாளியின் குரல்போலவே இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். மற்ற ஆட்கள் ஒருவருக்கொருவர் என்ன போட்டார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை. எனக்கு அந்த இரண்டு பேர்தான் கேட்டார்கள்.

பின்னேரம் அடிவாரத்துக்கு இறங்கி வந்ததும், நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று அவள் அவரிடம் கேட்டாள். ஸீ! அவரும் ஸீ போட்டுத்தான் பதில் சொன்னார்.

அந்த இடத்தில்தான் நான் முடிவு கட்டினேன். மேலே களைப்பிலும் சந்தோஷத்திலும் வாய் தவறிவிடுகிறது. கீழே வந்ததும் புருஷன் பக்கத்தில் நிற்கிற நினைப்பு வருகிறது. எவ்வளவு நாள் பழகியிருந்தால் இப்படி மாற்றி மாற்றிப் பேச வரும்!

இரவுச் சாப்பாட்டு மேசையில் அவர் தன் போனில் படம் காட்டினார். மொரோக்கோவின் பாலைவனம். போன வருடம் நடந்த பாதைகளாம். மணல் மேடுகளின் முதுகில் எறும்பு வரிசைபோல ஆட்கள். வரும் பெப்ரவரியில் எட்டு நாள் மறுபடியும் போகிறார்கள், குழுவில் இன்னும் கொஞ்சப் பேருக்கு இடம் இருக்கிறது, நாளை இரவுக்குள் பெயர் தர வேண்டும் என்றார். அவள் ஒரு படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். என்னோடு இருந்து எங்கள் கலியாண அல்பத்தைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அறைக்கு வந்ததும் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, பெப்ரவரியில லீவு கேட்டால் தருவாங்களோ?"

"ஏலாது."

"கேட்டே பாக்கேல்லை, அதுக்குள்ள ஏலாதோ?"

"நீர் போமன். உமக்குத்தான் அங்க ஆள் இருக்கே."

மடித்துக்கொண்டிருந்த காற்சட்டையோடு அப்படியே நின்றாள். "என்ன ஆள்?"

"ஒண்டுமில்லை."

"நீங்கள் வந்தாலும் போவன், வராட்டிலும் போவன்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் இன்னும் உயரம். மாடுகளின் மணிச்சத்தம் பனிப்புகாருக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது, மாடுகள் தெரியவில்லை. நான் வழக்கம்போலக் கடைசி. அவள் ஒரு பாறையில் எனக்காகக் காத்திருந்தாள்.

"என்னத்தை விழுங்கிக்கொண்டு நடக்கிறியள்? நேற்றையில இருந்து முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வந்துவிட்டது. "நீர் அந்தாளை டூ எண்டு கூப்பிடுறீர்."

"ஓம். அதுக்கு?"

"கீழ வந்தால் ஸீ எண்டுறீர். எனக்கு டொச் தெரியாதுதான். காது கேக்கும்."

"மாதாவே!" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். தடி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். "அது மலைப் பழக்கமப்பா! ஆயிரம் மீற்றருக்கு மேல போனால் எல்லாரும் எல்லாருக்கும் டூ. திரும்பி இறங்கினால் ஸீ. நேற்று உயரம் எழுதின பலகையடியில எல்லாரும் கை குடுத்துச் சிரிச்சவை. நீங்கள் கீழ நிண்டு சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தியள்."

"எனக்கும் அந்தாள் டூ போட்டது."

"உங்களுக்கும் தானே போடோணும்! நீங்களும் போடுங்கோவன், நாக்கு அழுகாது."

அவள் சிரித்த சிரிப்புக்கு நானும் சிரித்திருக்கலாம். எனக்கு வரவில்லை.

"அப்ப பாலைவனத்தில?"

"பாலைவனத்தில என்ன?"

"அங்க உயரம் இல்லை. அங்க என்னெண்டு கூப்பிடுவீர்?"

அவள் சிரிப்பு நின்றது. தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டாள். "நீங்கள் கேக்கிறது டூவைப் பற்றி இல்லை," என்றாள். "நடக்கத் தொடங்கின காலம் ஒவ்வொரு சனியும் உங்களை வாங்கோ, வாங்கோ எண்டு கேட்டனான். மூண்டு மாசத்துக்குப் பிறகு விட்டிட்டன். அந்தாளுக்கு நான் என்ன சொன்னாலும் கேக்கப் பிடிக்கும். அவ்வளவுதான் அங்க இருக்கு. வேற ஒண்டும் இல்லை."

சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். புகாருக்குள் அவளுடைய சிவப்புப் பை கொஞ்ச தூரம் தெரிந்தது.

என் பிழை எனக்கு விளங்கிவிட்டது. பிழை விளங்கினால் எரிச்சல் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கூடிவிட்டது. டூ என்றால் அதை நிறுத்தச் சொல்லலாம். அவள் சொல்வதைக் கேட்கக்கூடாது என்று ஒரு மனிதரிடம் எப்படிப் போய்ச் சொல்வது? ஒன்றரை வருடமாக அவள் சோறு போட்டபடி சொன்ன கதைகளில் எனக்கு நினைவில் நின்றது அந்த மனிதர் மட்டும்தான். என்ன காடு, என்ன குருவி, எந்த இடத்தில் அவளுக்குக் கால் சறுக்கியது, ஒன்றும் நினைவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அளவையாளர் பேப்பரும் பேனையுமாக மேசை மேசையாக வந்தார். எங்கள் மேசைக்கு வந்ததும் அவளைப் பார்த்தார். அவள் வாய் திறக்க முன் நான் எழும்பிவிட்டேன். கதிரை நிலத்தில் கிரீச்சிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் டொச் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"டூ," என்றேன். "ஸ்வை. நாங்கள் ரெண்டு பேர்."

நாங்கள் தங்கியிருந்த விடுதி ஆயிரம் மீற்றருக்கு நன்றாகக் கீழே. யாரோ முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. மேசைக்கடியில் அவள் என் காலை உதைத்தாள். அளவையாளர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு பெயரையும் ஆறுதலாக, எழுத்து எழுத்தாக எழுதினார். "நல்லது. நீங்கள் இருவரும்," என்றார், ஸீ போட்டு.

மொழி தெரியாமல் உளறிவிட்டேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் தெரிந்துதான் சொன்னேன்.

"லீவு?" என்று அறையில் கேட்டாள்.

"கேக்கிறன்."

"மணலில நடக்க உங்களுக்கு விருப்பமோ?"

"விருப்பமில்லை," என்றேன். அவள் பெட்டிப் பக்கம் திரும்பி ஏதோ தேடினாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு தரம் கேட்டு லீவு கிடைத்தது. இப்போது சனிக்கிழமைகளில் நானும் ரயில் ஏறுகிறேன். கிழமை நாட்களில் வேலை முடிந்து, வீட்டுக்குப் போக முன் ஆற்றங்கரை அணையில் ஏறி இறங்குகிறேன். அந்த மனிதருக்கு எழுபத்திரண்டு வயது, ஏற்றத்தில் ஒரு மூச்சு வாங்குவதில்லை. எனக்கு இன்னும் வாங்குகிறது. முன்னால் அவர்கள் இருவரும் கதைத்துக்கொண்டு போவார்கள். தொடக்கத்தில் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வளைவு இருந்தது. இப்போது அவள் கையை ஆட்டிக் கதைப்பது தெரிகிறது. போன சனி ஒன்றிரண்டு சொல்லும் கேட்டது. பெப்ரவரிக்குள் எட்டிப் பிடித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். பிடித்த பிறகு அவளிடம் என்ன கேட்பது என்று இன்னும் யோசிக்கவில்லை.